ஸர் மாக்பார்லேன் பர்னெட்

பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்நோய் மறுமுறை தீண்டுதல் அரிது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மணல்வாரியும் பெரும்பாலும் அத்தன்மையதே. இன்புளுவென்ஸா என்னும் விஷ ஜுரமோ அவ்வாறன்று. சென்ற ஆண்டு வந்துபோன இல்லத்திற்கே இவ்வாண்டும் வருகின்றது. அன்று படுத்தெழுந்தவரையே இன்றும் படுக்கையிற் கிடத்துகின்றது. ஒருமுறை தன்னை வென்று துரத்திய உடலை அது மறுமுறை ஏமாற்றுவது எங்ஙனம்? இவ்வினாவைத் தம் வாழ்நாளின் நடுப்பகுதியில் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் இடைவிடாது தொடர்ந்தவர் ஆஸ்திரேலிய நாட்டுப் பேரறிஞராகிய ஸர் பிராங்க் மாக்பார்லேன் பர்னெட். நம் கலாசாலையில் உயிர்நூல் பயிலும் மாணாக்கர் இவர் பெயரைப் பரீட்சைக்குரிய ஒரு வரியாக அறிந்திருப்பர். அவ்வரிக்குப் பின்னுள்ள மனிதரின் சரிதத்தை ஈண்டுச் சிறிது விரித்துக் கூறப் புகுகின்றோம்.

பர்னெட் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி விக்டோரியா மாகாணத்திலுள்ள டிரரால்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய அவர் தந்தையார் அவ்வூர்ப் பாங்கியின் கிளைத் தலைவராக இருந்தார். குழந்தைகள் எழுவருள் இவர் இரண்டாமவர். 1909-இல் குடும்பம் டெராங் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அவ்வூர் ஏரிக்கரைதான் இவருக்கு முதற் பள்ளிக்கூடம் எனலாம். விளையாட்டில் தோழரோடு கூடுவதை விட்டு, தனியே சென்று வண்டுகளைப் பிடித்து, வகைப்படுத்தி, பெயரிட்டு வைப்பதே இவருக்கு இன்பமாயிருந்தது. டார்வினின் நூல்களை இளமையிலேயே கற்றார். ஓருயிர் மற்றோருயிரோடு போராடியும் ஒத்துப்போயும் வாழும் வகையை நோக்கும் கண் அக்காலத்திலேயே அவருக்கு அமைந்துவிட்டது. பிற்காலத்தில் கிருமிகளைப் பற்றி அவர் எழுதியவற்றைப் படிப்போர், வைத்தியர் ஒருவர் பகைவனைப் பற்றிப் பேசுவதாக எண்ணார். வண்டு சேர்க்கும் சிறுவன் ஒருவன் மற்றுமொரு பிராணியின் நடையுடை பாவனைகளை விவரிப்பதாகவே எண்ணுவர்.

ஜீலாங் கலாசாலையில் உபகாரச் சம்பளம் பெற்றுப் பயின்றபின், 1917-இல் மெல்போர்ன் சர்வகலாசாலையில் வைத்தியம் கற்கச் சேர்ந்து, பிரெஸ்பிட்டேரியன் சபையார் நிறுவிய ஆர்மண்ட் கல்லூரி விடுதியில் தங்கினார். அடுத்த ஆண்டே உலகம் முழுவதையும் அந்த மகாமாரி சூழ்ந்தது. நம் இந்திய தேசத்தில் மாத்திரம் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களை அது வாரிச் சென்றதாகக் கணக்கிடுவர். ஆஸ்திரேலியர் தம் துறைமுகங்களில் கப்பல்களைத் தடுத்து நிறுத்திச் சில மாதங்கள் அதனை வெளியே வைத்திருந்தனர். ஆயினும் 1919-ஆம் ஆண்டு ஜனவரியில் அது உள்ளே நுழைந்து, பன்னீராயிரவருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. முதியோரும் குழந்தைகளும் மாத்திரமின்றி, இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதுடைய திடகாத்திரரும் மாண்டனர். நோயை விளைத்தது யாது என்பது அன்று எவர்க்கும் தெரியாது. ஒருவகை பாக்டீரியாவே காரணமென்று பலர் தவறாகக் கொண்டிருந்தனர். இளம் மாணாக்கராகிய பர்னெட் வாழ்ந்த நகரம் இங்ஙனம் காரணம் அறியாப் பிணியால் வருந்தியது.

1922-இல் வைத்தியப் பட்டமும் 1924-இல் எம். டி. பட்டமும் பெற்றார். பிணியாளரைப் பார்க்கும் வைத்தியராகவே வாழ அவர் விரும்பினார். ஆஸ்பத்திரித் தலைவர்களோ அவருடைய கூச்சமுள்ள இயல்பைக் கண்டு, சோதனைச்சாலையே அவருக்கு ஏற்ற இடம் எனக் கருதி அவ்வழியே திருப்பிவிட்டனர். மேலதிகாரிகள் ஒருவர் விருப்பத்திற்கு மாறாகச் செய்த முடிவுகளுள், உலகிற்கு இத்துணை நன்மை விளைத்தவை சிலவே இருக்கும். மெல்போர்னிலுள்ள வால்ட்டர்-எலைஸா ஹால் ஆராய்ச்சி நிலையமே அதுமுதல் நெடுங்காலம் அவருக்கு இருப்பிடமாயிற்று. 1925 முதல் ஈராண்டு லண்டனிலுள்ள லிஸ்டர் நிலையத்தில் பாக்டீரியாக்களை உண்டழிக்கும் வைரஸ்களை ஆராய்ந்தார். 1928-இல் லிண்டா ட்ரூஸ் என்னும் மங்கையை மணந்தார்.

அவ்வாண்டு ஜனவரியில் குவீன்ஸ்லாந்து மாகாணத்துப் பண்டபெர்க் நகரில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பு மருந்து குத்தப்பட்ட 21 குழந்தைகளுள் 12 குழந்தைகள் மாண்டனர். கிருமி வளராமற் காக்கும் சரக்குச் சேர்க்கப்படாத அம்மருந்துப் புட்டியில் ஸ்டபிலோகாக்கஸ் என்னும் கிருமி புகுந்து பெருகியிருந்ததைப் பர்னெட் கண்டறிந்தார். அதன்பின் அக்கிருமியின் நஞ்சினைப் பற்றி ஆராய்கையில், நஞ்சு இரண்டாம் முறை உட்புகும்போது உடலில் எதிர்ப்பொருள் உண்டாகும் வேகம் அவர் கருத்தைக் கவர்ந்தது. இரண்டு நான்காகவும், நான்கு எட்டாகவும் உயிருள்ள பொருள் பெருகுவதுபோல் அது பெருகிற்று. உடலினுள் ஏதோ ஒன்று இனம்பெருக்குகின்றது என்ற எண்ணம் அப்போதே அவர் உள்ளத்தில் விழுந்தது. அவ்விதை முளைக்க முப்பது ஆண்டு ஆயிற்று.

1932-இல் மீண்டும் லண்டன் சென்று, ஹாம்ஸ்டெட்டிலுள்ள தேசிய வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் பணி செய்தார். அவர் அங்கிருக்கும்போதே, 1933-இல், வில்ஸன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்னும் மூவர் மனிதரின் இன்புளுவென்ஸா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தனர். கீரியை ஒத்த பெரெட் என்னும் சிறு பிராணிக்கு அந்நோய் தொற்றும் என்று அவர்கள் கண்டனர். நோயுற்ற பெரெட் ஒன்று வில்ஸன் ஸ்மித்தின் முகத்தெதிரே தும்ம, அவரும் படுக்கையில் வீழ்ந்தார். அவர் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸே பின்னர் உலகச் சோதனைச்சாலைகள் பலவற்றிற்கும் சென்றது.

பர்னெட் 1934-இல் மெல்போர்ன் திரும்பினார். பெரெட் விலையுயர்ந்த பிராணி. அதனை வைத்து வளர்ப்பதும் எளிதன்று. பர்னெட் அதற்குப் பதிலாகக் கையாண்டது கோழிமுட்டை. அடைகாத்துக் கரு வளரும் முட்டையை இருட்டறையில் விளக்கின் எதிரே பிடித்து, இரத்தக் குழாய்கள் ஓடும் இடத்தைக் குறித்துக்கொள்வார். பல் வைத்தியர் உபயோகிக்கும் துளைப்பானைப் போன்றதொரு கருவியால் ஓட்டில் சிறு சாளரம் திறப்பார். கருவைச் சூழ்ந்த சவ்வின்மேல் வைரஸ் கலந்த நீரில் ஒரு துளியை இட்டு, சாளரத்தை மூடி, மீண்டும் அடையில் வைப்பார். நம் சோதனைச்சாலையில் மூன்று நாட்கருவைக் கண்டு வியந்துள்ள மாணாக்கர்க்கு, அச்சவ்வு எத்துணை மெல்லியது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விதம் அவர் கையாற் சோதித்த முட்டைகள் பல்லாயிரம். தலைவரான பின்னும் நாள்தோறும் தம் கையாலேயே இவ்வேலையைச் செய்வது அவர் வழக்கம். இன்றும் உலகில் வழங்கும் இன்புளுவென்ஸாத் தடுப்பு மருந்தின் பெரும்பகுதி கோழிமுட்டையிலேயே விளைகின்றது.

1940-இல் கருவை நேரே சூழ்ந்துள்ள பனிநீர்ப் பையில் வைரஸை வளர்க்கும் முறையைப் பர்னெட் கண்டார். மறு ஆண்டு நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர், இவ்வைரஸ் கலந்த நீர் கோழியின் இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்வதைக் கண்டார். நாட்கணக்கில் காத்திருந்து கண்ட வைரஸை இனிச் சில நிமிஷங்களில் ஒரு கண்ணாடிக் குழாயிற் காணலாயிற்று. இவ்விரண்டு முறைகளையும் சேர்த்து ஆண்ட பர்னெட், டயானா புல் என்னும் அம்மையாருடன் 1943-இல் ஓர் அரிய செய்தியை வெளியிட்டார். நோயாளியின் தொண்டையிலிருந்து புதிதாக எடுத்த வைரஸ் கினிப்பன்றியின் சிவப்பணுக்களை நன்கு திரளச் செய்யும். கோழியின் அணுக்களையோ அவ்வளவாகத் திரட்டாது. அதனையே முட்டையில் மீண்டும் மீண்டும் வளர்த்தபோது, சில தலைமுறைகளிலேயே அது தன் இயல்பை மாற்றிக்கொண்டு கோழியின் அணுக்களையும் பற்றிற்று. வைரஸ் தன் மேனியை மாற்றிக்கொள்வதைப் பர்னெட் தம் கண்ணெதிரே கண்டார். வண்டினங்கள் மாறுவதற்கு யுகங்கள் வேண்டும். இதற்குச் சில வாரங்களே போதுமாயிருந்தன.

இதற்குள் யுத்தம் மூண்டிருந்தது. முதல் யுத்தத்தின் இறுதியில் வந்த மகாமாரி இரண்டாம் யுத்தத்திலும் வருமோ என்ற அச்சம் எங்கும் நிலவியது. முட்டையில் வளர்த்து வலிமை குன்றச் செய்த உயிருள்ள வைரஸை மூக்கின் வழியே செலுத்தி நோயைத் தடுக்கலாம் எனப் பர்னெட் கருதி, 1942-இல் ராணுவத் தொண்டர்களிடம் அதனைச் சோதித்தார். சிறு தொகையினரிடம் நற்பலன் தோன்றிற்று. பெருந்தொகையினரிடம் சோதித்தபோது அது பயன்படவில்லை. அமெரிக்கர் கொன்ற வைரஸால் செய்த மருந்தே யுத்தகாலத்தில் வென்றது. பர்னெட்டின் கருத்து பழுதன்று. அதனைச் செயற்படுத்தும் அறிவு அன்று முதிரவில்லை. மூக்கில் தெளிக்கும் உயிர்மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2003-ஆம் ஆண்டிலேதான்.

1944-இல் ஹார்வர்ட் சர்வகலாசாலை அவரைத் தன்பால் அழைத்தது. அவர் இசையாது தம் நாட்டிற்கே திரும்பி, அவ்வாண்டே ஹால் நிலையத்தின் தலைவரானார். ஆராய்ச்சிச் சிறப்பெல்லாம் லண்டனுக்கும் நியூயார்க்குக்குமே உரியதென்று எண்ணப்பட்ட காலத்தில் இம்முடிவு சிறியதன்று.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் கண்டவற்றுள் ஒன்றை இங்கு நின்று நோக்குதல் வேண்டும். சிவப்பணுவைப் பற்றிய வைரஸ் சிறிது நேரத்தில் தானே அதனை விட்டு நீங்குகின்றது. நீங்கியபின் அவ்வணுவை அவ்வைரஸ் மறுபடியும் பற்றுவதில்லை. ஆகவே வைரஸிடம் பற்றும் கை ஒன்றும், பற்றிய பிடியை அறுக்கும் கத்தி ஒன்றும் உள என்பது தெளிவாயிற்று. 1946-இல் பர்னெட்டும் அவர் கூட்டாளிகளும் வாந்திபேதிக் கிருமியின் வடிநீரும் அதே கத்தித் தொழிலைச் செய்வதைக் கண்டனர். அறுபடுவது யாது என்பதை விளக்கியவர், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஜெர்மனியினின்றும் வந்து அந்நிலையத்தில் புகலடைந்த ஆல்பிரெட் காட்சாக் என்னும் ரசாயன அறிஞர். நம் உயிரணுக்களின் மேற்புறத்தே சர்க்கரைக் கிளைகள் உள. அவற்றின் நுனியில் ஸயாலிக் அமிலம் என்னும் பொருள் நிற்கின்றது. வைரஸின் கை அதனைப் பற்றுகின்றது. கத்தி அதனை அறுக்கின்றது. கைக்கு ஹீமக்ளுட்டினின் என்றும், கத்திக்கு நியூராமினிடேஸ் என்றும் பெயர். இரண்டும் புரதங்கள், இரண்டும் வைரஸின் மேனியில் முட்களாய் வெளியே நீண்டு நிற்பன. உடல் இவ்வைரஸை அடையாளங் காண்பது பெரும்பாலும் இம்முட்களைக் கொண்டே.

1951-இல், பாட்ரிஷியா லிண்ட் என்னும் உதவியாளருடன், இருவேறு இன்புளுவென்ஸா வைரஸ்களை ஒரே இடத்திற் புகுத்தினால் இரண்டின் குணங்களும் கலந்த புது வைரஸ்கள் மிக எளிதிற் பிறக்கின்றன எனக் காட்டினார். இத்துணை எளிதாகக் கலத்தல் எப்படி இயலும் என்று பலர் ஐயுற்றனர். இவ்வைரஸின் மரபுப்பொருள் ஒரே இழையாக இராது எட்டுத் துண்டுகளாக இருக்கின்றது என்பது பின்னர் வெளியானபோது ஐயம் தீர்ந்தது. இரு சீட்டுக்கட்டுகளைக் கலைத்துப் பங்கிடுவதுபோல் அத்துண்டுகள் மாறிப் புகுகின்றன. அதே ஆண்டில், முயல்களைக் கொல்லும் மிக்ஸோமா வைரஸ் மனிதருக்கும் தீங்கு செய்கின்றது என்ற பீதி நாட்டில் எழ, பர்னெட்டும், பிராங்க் பென்னரும், கிளூனீஸ் ராஸும் அவ்வைரஸைத் தம் உடலிற் குத்திக்கொண்டு யாதொரு தீங்குமின்றி நடமாடினர். பீதி அடங்கிற்று. அவருக்கு ஸர் பட்டம் வந்ததும் அவ்வாண்டிலேயே.

இங்ஙனம் பகைவனை ஆராய்ந்துகொண்டே, பகைவனை அறிகின்ற உடலையும் அவர் சிந்தித்து வந்தார். 1949-இல் பென்னருடன் வெளியிட்ட நூலில், உடல் தன்னுடையதைத் தனதென்றும் பிறவற்றைப் பிறவென்றும் பிரித்தறிவது எப்படி என்ற வினாவை எழுப்பினார். கருவிலிருக்கும் காலத்தில் உடல் எதனோடு பழகுகின்றதோ அதனைத் தன்னதாகக் கொள்ளும் என்பது அவர் ஊகம். இங்கிலாந்தில் பீட்டர் மெடாவர் 1953-இல் எலிகளிடம் செய்த சோதனையால் அது மெய்யென நிரூபித்தார். இதற்காகவே இருவர்க்கும் 1960-இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பர்னெட்டோ தம் பெருஞ்சாதனையாகக் கருதியது அதுவன்று; 1957-இல் ஆஸ்திரேலியச் சஞ்சிகையொன்றில் அவர் வெளியிட்ட மிகச் சிறியதோர் கட்டுரையே. கருத்து சரியாயின் முந்திச் சொன்ன பெருமை தமக்கு உண்டு, தவறாயின் வெளிநாட்டார் கண்ணிற் படாது போகும் என்று எண்ணியே அச்சஞ்சிகையைத் தெரிந்தெடுத்ததாக அவர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அக்கருத்தாவது: நம் உடலில் எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் எண்ணிறந்தன, ஒவ்வொன்றும் ஒரே வடிவான எதிர்ப்பொருளை மாத்திரம் செய்யப் பிறந்தது. பகைப்பொருள் உட்புகும்போது, அதற்குத் தற்செயலாகப் பொருந்தும் அணுவைத் தொட்டு எழுப்புகின்றது. எழுந்த அணு பெருகிக் குலமாகின்றது. அக்குலத்தின் ஒரு பகுதி நெடுங்காலம் உடலில் தங்கி, அதே பகை மீண்டும் வரின் விரைந்தெழுகின்றது. தன் உடலையே தாக்கும் வடிவுடைய அணுக்கள் இளமையிலேயே அழிக்கப்படுகின்றன. டேவிட் டால்மேஜ் என்னும் அமெரிக்கரும் இதனை ஒத்ததொரு கருத்தை அக்காலத்தே வெளியிட்டார். மறு ஆண்டு அந்நிலையத்தின் இளைஞராகிய கஸ்டவ் நாஸலும், அமெரிக்காவினின்றும் வந்திருந்த லெடர்பெர்க்கும், ஓர் அணு ஓர் எதிர்ப்பொருளையே செய்தல் கண்டு இதற்கு முதற் சான்று தந்தனர். பண்டபெர்க் நஞ்சில் விழுந்த விதை இவ்வாறு மரமாயிற்று.

அந்த 1957-ஆம் ஆண்டு எண்ணுந்தோறும் வியப்பளிப்பது. அவ்வாண்டிலேயே ஆசியாவில் புதியதோர் இன்புளுவென்ஸா தோன்றி உலகைச் சுற்றியது. அதன் முட்கள் இரண்டும் மக்கள் உடல் அதுகாறும் அறிந்தவற்றினின்று முற்றும் வேறாயிருந்தமையால் பழைய எதிர்ப்பொருள்கள் பயன்படவில்லை. பறவைகளின் வைரஸோடு மனித வைரஸ் கலந்து பிறந்ததே அது என்பது பின்னர்த் தெரியவந்தது. பர்னெட் முட்டையிற் கண்ட கலப்பு இயற்கையில் நிகழ்ந்துவிட்டது. அவ்வாண்டிலேயே, முன்பு மெல்போர்னில் பர்னெட்டிடம் பயின்ற அலிக் ஐஸாக்ஸ் என்பவர், லிண்டென்மன் என்பவருடன் லண்டனில் இன்டர்பெரான் என்னும் பொருளைக் கண்டார். வைரஸ் புகுந்த அணு அண்டை அணுக்களுக்கு அனுப்பும் அபாய அறிவிப்பு அது. அதனைக் காண உதவியதும் இன்புளுவென்ஸா வைரஸே. அதே ஆண்டிலேதான் பர்னெட் வைரஸ் ஆராய்ச்சியைக் கைவிட்டு, நிலையம் முழுவதையும் நோய்த்தடுப்பு ஆராய்ச்சிக்குத் திருப்ப முடிவு செய்தார். வைரஸ் ஆராய்ந்தோருட் சிலர் வேறிடம் நாட நேர்ந்தது. நோய்த்தடுப்பு நூலுக்கு இம்முடிவால் விளைந்த ஆக்கம் பெரிது. ஆயினும், வைரஸின் வேடத்தை உள்ளவாறு காணும் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் வந்த வேளையில் அவர் அத்துறையை விட்டார் என்பதை நாம் மறைத்தற்கில்லை.

அவ்வேடம் எத்தகையது என்பதை இனிக் கூறுவோம். 1981-இல் இயன் வில்ஸன், ஜான் ஸ்கெஹல், டான் வைலி என்போர் ஹீமக்ளுட்டினினின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டு வெளியிட்டனர். ஸ்கெஹல் பணி செய்தது பர்னெட் முன்பு இருந்த அதே தேசிய நிலையத்திலே. அது ஹாம்ஸ்டெட்டை விட்டு மில் ஹில்லுக்குப் பெயர்ந்திருந்தது. வைரஸின் மேனியிலிருந்து முள்ளைப் பழுதின்றிக் கொய்வதற்கு அவர்கள் ஆண்ட கத்தி அன்னாசியிலிருந்து எடுக்கும் ஒரு நொதி. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கின் அவற்றுள் பதின்மூன்றரைக் கூறே அம்முள்ளின் நீளம். மூன்று ஒத்த பகுதிகள் முறுக்கிப் பிணைந்து ஒரு தண்டாகி, மேலே பருத்த தலையாய் முடிகின்றன. தலையின் உச்சியில் சிறு குழி உளது. ஸயாலிக் அமிலம் பொருந்துமிடம் அதுவே.

இங்கேதான் வஞ்சனையின் மர்மம் இருக்கின்றது. அக்குழி மாறுமாயின் வைரஸ் நம் அணுவைப் பற்ற இயலாது மாயும். ஆகவே அதன் அடித்தளம் ஆண்டுதோறும் ஏறக்குறைய மாறாதிருக்கின்றது. மாறாத இடம் எதுவோ அதனை எதிர்ப்பொருள் தாக்கின் வெற்றி உறுதி. ஆனால் குழி மிகச் சிறியது. எதிர்ப்பொருளின் முனை பெரியது. குழியை அணுக வரும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் அதன் விளிம்பிலும் கால்வைத்தே நிற்க வேண்டும். விளிம்பிலுள்ள புரத வளைவுகளோ எப்படி மாறினும் வைரஸுக்கு அத்துணை நஷ்டமில்லை. வைரஸின் மரபுப்பொருளாகிய ஆர். என். ஏ. படியெடுக்கப்படுகையில் பிழை திருத்துவார் இல்லை, பிழைகள் மலிகின்றன. விளிம்பில் ஓர் அமினோ அமிலம் மாறினும் பழைய எதிர்ப்பொருளின் கால் வழுக்குகின்றது. அவ்வாறு தப்பிய வைரஸே அடுத்த பருவத்தில் ஊரெங்கும் பரவுகின்றது. கோட்டை வாயிலை மாற்றாது, அதன் முன்னுள்ள படிக்கட்டுகளை மாத்திரம் ஆண்டுதோறும் இடித்துக் கட்டும் அரசனை ஒக்கும் இச்செயல்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஹீமக்ளுட்டினினின் மேல் சர்க்கரைக் கிளைகள் தைக்கப்படுகின்றன. அவற்றைச் செய்வது வைரஸ் அன்று; அது புகுந்த நம் அணுவே. ஆகவே அவை நம் உடலின் சொந்தப் பொருளாகவே தோன்றுகின்றன. 1968-இல் ஹாங்காங்கிலிருந்து பரவிய வைரஸின் தலையில் இக்கிளைகள் சிலவே இருந்தன. பின்வந்த ஆண்டுகளில் அதன் வழித்தோன்றல்கள் மேலும் மேலும் கிளைகளைப் போர்த்துக்கொண்டன. அளவு மீறிப் போர்த்தாற் குழியே மறைந்து பற்றும் தொழில் கெடும். அந்த எல்லையே வைரஸைச் சற்றுத் தடுக்கின்றது. தனது, பிறிது என்று உடல் பிரித்தறியும் வகையை ஆராய்ந்தவர் பர்னெட். அவர் ஆராய்ந்த வைரஸே அந்தத் தனது என்னும் ஆடையை உடுத்தி ஒளிவது விந்தையன்றோ!

தண்டுப் பகுதி அத்துணை மாறுவதில்லை. வைரஸ் அணுவினுள் நுழைந்தபின், அங்குள்ள புளிப்பால் வடிவம் மாறி இரு சவ்வுகளை ஒன்றாக்குவது அதன் தொழிலாதலின், மாற்றத்திற்கு இடம் குறைவு. ஆனால் நெருங்கி நிற்கும் தலைகளின் கீழே அது மறைந்துள்ளது. உடலின் கவனம் தலையிலேயே செல்கின்றது. அன்றியும், சிறு வயதில் முதன்முதல் கண்ட வைரஸுக்கு எழுந்த அணுக்குலங்களே, வேடம் மாறிய வைரஸ் வரும்போதும் முந்திக்கொண்டு எழுகின்றன. புதியதற்கு ஏற்ற குலங்கள் பின்தங்குகின்றன. தாமஸ் பிரான்ஸிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1960-இல் இதற்கு ஆதிபாவம் என்னும் வேதசாஸ்திரச் சொல்லையே பெயராக வைத்தார். பர்னெட்டின் குலக்கொள்கை கொண்டே இதன் காரணம் விளங்குகின்றது. இன்டர்பெரானுக்கும் வைரஸிடம் மாற்று உண்டு. என். எஸ். 1 என்னும் சிறு புரதம் இரட்டையாய் இணைந்து, அணுவிற்கு அபாயத்தை உணர்த்தக்கூடிய இரட்டை இழை ஆர். என். ஏ.யைப் பற்றி மறைத்துவிடுகின்றது. மணியை அடிக்குமுன் அதன் நாவைப் பிடித்துக்கொள்வது போன்றது இது.

1983-இல் மற்றொரு முள்ளாகிய நியூராமினிடேஸின் அமைப்பும் வெளியாயிற்று. அதன் பளிங்குகளை உண்டாக்கியவர் கான்பெராவிலிருந்த கிரேம் லேவர்; அமைப்பைக் கண்டவர் மெல்போர்னில் இருந்த பீட்டர் கோல்மனும் ஜோஸ் வர்கீஸும். நான்கு பகுதிகள் கூடிய தலை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஆழ்ந்த குழி. குழியினுள் மாறாத அடித்தளம். சுற்றிலும் மாறும் விளிம்பு. பர்னெட் 1946-இல் செயலால் மாத்திரம் அறிந்த கத்தி, அவர் நகரத்திலேயே கண்ணுக்குப் புலனாயிற்று.

அப்போது அவருக்கு வயது 83. 1965-இல் தலைமையை நாஸலிடம் ஒப்புவித்தபின், முதுமையைப் பற்றியும் புற்றுநோயைப் பற்றியும் பல நூல்கள் எழுதினார். அவ்வெழுத்துக்கள் அனைத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. அணுத்திரள்களின் அமைப்பை ஆராயும் புது உயிர்நூலால் வைத்தியத்திற்குப் பெரும்பயன் விளையாது எனப் பலகாலும் எழுதினார். தொற்றுநோய்களின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, இனி அத்துறையில் வியப்புக்குரியது சிறிதே எனவும் 1972-இல் வெளிவந்த நூலிற் குறித்தார். ஹீமக்ளுட்டினினின் அமைப்பு வெளியான அதே 1981-இல் எய்ட்ஸ் நோய் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. பெருநோக்குடையாரும் தம் காலத்துக் கருவிகளின் எல்லைவரையே காண்கின்றனர் என்று இதனை நாம் கொள்ளலாம். எனினும், சில வாரங்களில் வைரஸ் தன் மேனியை மாற்றியதைக் கண்ணாற் கண்டவர் இவ்வாறு எழுதியது நமக்கு இன்றும் விளங்காத ஒன்று.

1973-இல் மனைவியாரை இரத்தப் புற்றுநோய்க்கு இழந்து பெரிதும் தளர்ந்தார். 1976-இல் ஹேஸல் ஜென்கின் என்னும் அம்மையாரை மறுமணம் செய்துகொண்டார். 1985-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி, தம் 86-ஆம் பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னர், கடற்கரையூராகிய போர்ட் பேரியில் புற்றுநோயால் காலமானார். அரசாங்க மரியாதையுடன் ஈமக்கடன் நடைபெற்றது. அவர் உடல் டவர் ஹில் என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்து நான்காண்டுகளில், நியூராமினிடேஸின் மாறாத குழியின் அளவறிந்து அதில் அடைபடுமாறு அமைத்த ஸானமிவிர் என்னும் மருந்தை மெல்போர்னில் மார்க் வான் இட்ஸ்டைன் என்பவரும் அவர் கூட்டத்தாரும் ஆக்கினர். எதிர்ப்பொருள் நுழைய மாட்டாத குழியில் சிறு மருந்து நுழைந்தது. 1999-இல் அது பிணியாளர்க்கு வழங்க அனுமதி பெற்றது.